ஃப்ளாப்பி படிக்க மறுக்கிறதா? வெளி டிரைவா, உள் டிரைவா என்பதை அறிகுறியை வைத்து முடிவு செய்யுங்கள்

பரணில் இருந்து இறக்கிய பிஸ்கட் டப்பா நிறைய ஃப்ளாப்பிகள். அப்பா டைப் செய்துவைத்த குடும்ப வரலாறு அதில் இருக்கலாம். 1990களோடு நின்றுபோன ஒரு சிற்றிதழின் பக்கங்கள் இருக்கலாம். இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் எம்பிராய்டரி இயந்திரத்தின் டிசைன்கள் இருக்கலாம். டப்பாவோடு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யூ.எஸ்.பி.யில் மாட்டுகிற வெளி டிரைவ் வாங்கட்டுமா, இல்லை கம்ப்யூட்டருக்குள் பொருத்துகிற பழைய டிரைவைத் தேடட்டுமா?"

டிரைவை அப்புறம் பேசலாம், முதலில் டிஸ்க்கைக் காட்டுங்கள் என்பேன். 3.5 அங்குலம், 1.44 எம்.பி., டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) அல்லது விண்டோஸில் எழுதியது, மேற்பரப்பில் கறை இல்லை. இந்த நான்கும் பொருந்தினால் வெளி டிரைவ் தாராளமாகப் போதும், பணத்தை மிச்சப்படுத்துங்கள். நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் நான் உள் டிரைவைத்தான் சொல்வேன்.

இன்றைய மதர்போர்டில் ஃப்ளாப்பிக்கான 34 பின் கனெக்டரே கிடையாதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் கிரீஸ்வீசல் என்ற சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று இருக்கிறது. கீர் ஃப்ரேசர் என்பவர் வடிவமைத்தது. ஒரு பக்கம் பழைய உள் டிரைவின் ரிப்பன் கேபிள், மறுபக்கம் யூ.எஸ்.பி. உள் டிரைவை மேஜைமேல் வைத்தே, லேப்டாப்பில் இருந்தே படிக்கலாம். பெயரில்தான் அது உள் டிரைவ், கேபினெட்டுக்குள் போகவேண்டிய அவசியமே இல்லை.

இனி ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வேலை: டிஸ்க்கின் மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளை நகர்த்தி, துளை வழியாக வெளிச்சம் தெரியும்படி வையுங்கள். துளை திறந்திருந்தால் டிரைவால் எதையும் எழுத முடியாது. படிக்கத்தானே போகிறோம், எதற்கு இது என்று விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 95, 98 இரண்டும் டிஸ்க்கைத் திறந்து பார்த்தாலே முதல் செக்டரில் (டிஸ்க்கின் சின்னப் பதிவுத் துண்டுதான் செக்டர்) தன் அடையாளத்தை எழுதிவிட்டுப் போகும். 5.25 அங்குல டிஸ்க்கில் கணக்கு தலைகீழ்: ஓரத்து வெட்டை ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு.

வெளி டிரைவைச் செருகினேன், ஏ டிரைவ் தெரியவில்லை. அல்லது தெரிந்து மறைகிறது

ஃப்ளாப்பி டிரைவுக்கு விண்டோஸ் தரும் பெயர்தான் ஏ டிரைவ். பத்தில் எட்டு முறை இது மின்சாரக் குறைதான். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் மோட்டார் அதிகமாக இழுக்கும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர்; பல வெளி டிரைவ்களுக்கு அது முழுவதுமே தேவைப்படும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸ், கீபோர்டோடு சேர்த்துச் செருகினால், டிஸ்க் ஒரு சுற்று சுற்றி அப்படியே நின்றுவிடும். கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே நீளமான வயர் போகிறது, அதைத் தவிர்க்கலாம்.

அப்படியும் வரவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை. அங்கும் இல்லை என்றால் டிரைவ் போய்விட்டது. வெளி டிரைவைப் பிரித்துப் பழுது பார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். உள்ளே இருப்பது பெரும்பாலும் லேப்டாப்புக்காகச் செய்த ஒல்லியான டிரைவ். 26 பின் கொண்ட மெல்லிய பட்டை கேபிள்; ஒருமுறை கழற்றினால் திரும்ப உட்காருவது அதிர்ஷ்டம்.

உள் டிரைவின் விளக்கு அணையாமல் எரிகிறது

அநேகமாக ரிப்பன் கேபிள் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும், அதுதான் 1ஆம் பின். டிரைவின் பின்னால் '1' என்று அச்சிட்டிருக்கும் பக்கம் அந்தக் கோடு வரவேண்டும். சரியான பள்ளம் இல்லாத கனெக்டர்களில் இந்தத் தவறு எளிதாக நடந்துவிடும். டிஸ்க் உள்ளே இருக்கும்போது இப்படி மின்சாரம் கொடுத்தால் அந்த டிஸ்க்கில் இருப்பது அழியவும் வாய்ப்புண்டு. அதனால் கேபிள் மாட்டி, விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தபிறகே டிஸ்க்கைச் செருகுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் பூட் ஆகும்போதே 'ஃப்ளாப்பி டிஸ்க்ஸ் ஃபெயில் 40' என்று நின்றால் மூன்று இடம் பார்க்கவேண்டும். சின்ன நான்கு பின் பவர் கனெக்டர் ஒரு பின் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா? பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) 1.44 எம்.பி., 3.5 அங்குலம் என்று இருக்கிறதா? கேபிளில் ஓரிடத்தில் சில வயர்கள் மட்டும் முறுக்கிவிட்டிருக்கும். ஏ டிரைவ் அந்த முறுக்குக்கு அப்பால் இருக்கும் கடைசிக் கனெக்டரில் இருக்கவேண்டும். முறுக்குக்கு முன்னால் மாட்டினால் அது பி டிரைவ் ஆகிவிடும்.

'டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது

'நோ' கொடுங்கள். பதற்றத்தில் 'யெஸ்' அழுத்தி, இருந்ததை எல்லாம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளாப்பியை வழக்கமான முறையில் ஃபார்மட் செய்தால் ஒவ்வொரு டிராக்கும், அதாவது தகவல் பதிந்திருக்கும் ஒவ்வொரு வட்டப் பாதையும், புதிதாக எழுதப்படும். பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இந்த ஒரே செய்திக்குப் பின்னால் நாலைந்து வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. வெளியா, உள்ளா என்ற கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் கிடைக்கும்.

டிஸ்க்கைத் திருப்பிப் பிடித்துத் துளைகளை எண்ணுங்கள். இரண்டு மூலையிலும் துளை இருந்தால் ஹெச்.டி., 1.44 எம்.பி. வகை. ஒரு மூலையில் மட்டும் இருந்தால் டி.டி., 720 கே.பி. வகை. இரண்டிலும் பக்கத்துக்கு 80 டிராக், நிமிடத்துக்கு 300 சுற்று. வித்தியாசம், ஒரு டிராக்கில் எத்தனை செக்டர் என்பதில்: 1.44இல் 18, 720இல் 9. வெளி டிரைவ் தாழ்ப்பாள் இல்லாத அந்த இரண்டாவது துளையைப் பார்த்துத்தான் இது எந்த வகை என்று முடிவு செய்கிறது. துளை சொல்வதை அது அப்படியே நம்பும்.

இப்போது இதை யோசியுங்கள். டி.டி. டிஸ்க் கிடைக்காத நாளில் ஹெச்.டி. டிஸ்க்கின் துளைமேல் செல்லோ டேப் ஒட்டி, 720ஆக ஃபார்மட் செய்து பயன்படுத்தியவர்கள் உண்டு. பழைய இயந்திரங்களுக்கும் இசைக் கீபோர்டுகளுக்கும் அப்படிச் செய்தார்கள். இருபத்தைந்து வருடத்தில் பசை காய்ந்து டேப் எங்கோ விழுந்துவிட்டது. துளை இப்போது திறந்திருக்கிறது. வெளி டிரைவ் 1.44 என்று எண்ணிக்கொண்டு படிக்கப் பார்த்து, ஒன்றும் புரியாமல் 'ஃபார்மட் செய்யவா' என்கிறது. துளையைச் சுற்றிப் பசையின் மஞ்சள் தடம் இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, மறுபடி செருகுங்கள். ஒளிபுகும் டேப் வேண்டாம். சில டிரைவ்கள் துளையை ஒளியால் உணர்பவை.

உள் டிரைவில் இந்தச் சிக்கல் குறைவு. படிக்கும் வேகத்தை அங்கே கம்ப்யூட்டரின் கன்ட்ரோலர் தீர்மானிக்கிறது: ஹெச்.டி.க்கு நொடிக்கு 500 கிலோபிட், டி.டி.க்கு 250. ஒன்றில் படிக்க முடியாவிட்டால் அடுத்ததை முயன்று பார்க்கும். கிரீஸ்வீசல் இன்னும் ஒரு படி கீழே போகிறது. அது செக்டர் என்று எதையும் தேடுவதில்லை. டிஸ்க்கின் காந்தப் புலம் எந்தெந்த நேரத்தில் திசை மாறுகிறது என்பதை மட்டும் பதிவு செய்துகொள்ளும். அதை எந்த ஃபார்மட்டாகப் புரிந்துகொள்வது என்பதை அப்புறம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

இதனால்தான் அமிகா கம்ப்யூட்டரின் 880 கே.பி. டிஸ்க்குகள், பழைய மேக்கின் 400, 800 கே.பி. டிஸ்க்குகள், டாஸ் சாராத தங்கள் சொந்த ஃபார்மட்டில் எழுதிய எம்பிராய்டரி இயந்திர டிஸ்க்குகள் எதற்குமே வெளி டிரைவ் உதவாது. அதன் உள்ளே இருக்கும் சிப்புக்குத் தெரிந்த ஃபார்மட்டுகள் இரண்டு மூன்றுதான். எந்த மென்பொருள் போட்டாலும் அதைத் தாண்டிக் கேட்க முடியாது. மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களை விற்ற 1.68 எம்.பி. டிஸ்க்குகளும் இந்தக் கணக்கில்தான் வரும். அவற்றில் டிராக்குக்கு 21 செக்டர்.

மேக்கில் எழுதிய 1.44 டிஸ்க் மட்டும் விதிவிலக்கு. வெளி டிரைவ் அதைப் படிக்கும், விண்டோஸுக்குத்தான் அந்த ஃபைல் அமைப்பு புரியாது. டிஸ்க்கை அப்படியே இமேஜாக (முழு டிஸ்க்கின் நகலாக ஒரே ஃபைலில்) எடுத்து, ஹெச்.எஃப்.எஸ். என்ற அந்த மேக் ஃபைல் அமைப்பு தெரிந்த மென்பொருளில் திறக்கவேண்டும். புதிய மேக்கும் கைகொடுக்காது. பழைய ஹெச்.எஃப்.எஸ்.ஸைப் படிக்கும் வசதியை ஆப்பிள் 2019இல் வந்த காட்டலினா என்ற மேக் இயங்குதளத்தோடு எடுத்துவிட்டது.

கட கடவென்று சத்தம், அல்லது கிறீச்சென்று உரசல்

இரண்டும் வேறு வேறு. கட கட என்பது ஹெட், அதாவது டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும் முனை, ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் முதல் டிராக்குக்குப் போய்த் திரும்ப வந்து முயல்கிற சத்தம். அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். கிறீச் என்று கேட்டால் உடனே, அந்த நொடியே டிஸ்க்கை வெளியே எடுங்கள். ஹெட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காந்தப்பூச்சு சுரண்டப்படுகிறது.

கடலோர ஊர்களில் பீரோவில் கிடந்த டிஸ்க்குகளில் அந்த 'ஏதோ' அநேகமாகப் பூஞ்சணம். சமீபத்தில் ஒரு டிஸ்க்கின் ஷட்டரை, அதாவது நகரும் மூடியை, கட்டைவிரலால் தள்ளிப் பிடித்து, பின்புறத்து இரும்பு வட்டத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே பார்த்தேன். பளபளப்பான கரும்பழுப்புப் பரப்பில், கடுகு அளவில் சாம்பல் நிறப் பொட்டுகள், விளிம்பில் இழை இழையாக. இன்னும் திருப்பியபோது மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று வந்தது. யாரோ ஏற்கெனவே ஒரு டிரைவில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று அந்த வளையம் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் பூச்சு போய் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது. அந்த டிராக் இனி யாருக்கும் கிடைக்காது.

சுத்தம் செய்வது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 99 சதவீதம் இருந்தால் நல்லது. காது குடையும் பட்ஸை அதில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, ஷட்டர் திறப்பில் மெதுவாக வைத்து, அழுத்தாமல் வட்டத்தைத் திருப்புங்கள். சாம்பல் அழுக்கு ஏறினால் பட்ஸை மாற்றித் தொடருங்கள். பழுப்பு ஏறினால் நிறுத்திவிடுங்கள். வருவது அழுக்கு இல்லை, காந்தப்பூச்சே கழன்று வருகிறது. இரண்டு பக்கமும் முடித்து, நன்றாக உலரவிட்டு, அப்புறம் டிரைவில் போடுங்கள்.

ஒரு பூஞ்சண டிஸ்க் போனபிறகு ஹெட்டைத் துடைக்காமல் அடுத்த டிஸ்க்கை அந்த டிரைவில் போடவே கூடாது. ஒரு டிஸ்க்கின் அழுக்கு ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, நல்ல நிலையில் இருந்த அடுத்த ஐந்து டிஸ்க்குகளைக் கோடு போட்டுவிடும். உள் டிரைவை நான் விடாமல் சிபாரிசு செய்ய முக்கியமான காரணம் இதுதான். அதன் மேல்மூடி இரண்டு ஸ்க்ரூவில், பலவற்றில் ஸ்க்ரூவே இல்லாமல் வந்துவிடும். மூடி இல்லாமலே ஓட்டலாம். ஹெட் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நடுவில் அரை நிமிடத்தில் துடைத்துவிடலாம். மேல் ஹெட்டை மட்டும் மிக லேசாகத் தூக்குங்கள். அது மெல்லிய தகட்டு ஸ்ப்ரிங்கில் நிற்பது, வளைந்தால் டிரைவ் அத்துடன் முடிந்தது. வெளி டிரைவில் இதற்கெல்லாம் இடமில்லை, க்ளீனிங் டிஸ்க் ஒன்றுதான் வழி.

ஷட்டர் வளைந்த டிஸ்க்கை அப்படியே செருகாதீர்கள். உள்ளே போய் மாட்டிக்கொண்டால், இழுக்கும்போது ஹெட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். ஷட்டரை முன்னாலேயே கழற்றிவிட்டுப் படித்தால் ஒன்றும் ஆகாது.

டிஸ்க்கை மாற்றியும் முந்தைய டிஸ்க்கின் ஃபைல்களே தெரிகின்றன

உள் டிரைவுக்கே உரிய கோளாறு இது. டிஸ்க் மாறியது என்ற தகவல் கேபிளின் 34ஆம் பின் வழியாகப் போகவேண்டும். அந்த வயர் அறுந்திருந்தால் கம்ப்யூட்டருக்கு டிஸ்க் மாறியதே தெரியாது. கேபிளை மாற்றுங்கள்; பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை எதையும் எழுதவேண்டாம். பழைய டிஸ்க்கின் பட்டியலைப் புதிய டிஸ்க்கின்மேல் எழுதி இரண்டையும் குழப்பிவிடும்.

பழைய கம்ப்யூட்டரில் படிக்கிறது, புதிய டிரைவில் படிக்கவில்லை

எழுதிய டிரைவின் ஹெட் கொஞ்சம் விலகி இருந்திருக்கிறது. அது எழுதிய கோணல் கோட்டை அதனால் மட்டும் படிக்க முடிகிறது. அந்தப் பழைய டிரைவைத் தூக்கிப் போடாமல் இருந்தால் நல்லது; கழற்றி எடுத்து கிரீஸ்வீசலில் மாட்டுங்கள். 3.5 அங்குல டிரைவ்களில் பலவும் 5 வோல்ட் மட்டும் இருந்தால் ஓடும், அதை போர்டிலிருந்தே கொடுக்கலாம். 5.25 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் தனி பவர் சப்ளை தேவை.

பழைய டிரைவ் போய்விட்டதா? இரண்டு மூன்று வேறு வேறு உள் டிரைவ்கள் கையில் வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் விலகல் அந்த டிஸ்க்கின் விலகலோடு ஒத்துப்போகும். சென்னை ரிச்சி தெருவிலோ பழைய கம்ப்யூட்டர் பிரிக்கிற கடையிலோ ஒன்றிரண்டு கிடைக்கும்.

பாதி காப்பி ஆகி நின்றுவிடுகிறது

எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டுக் காப்பி செய்வதை நிறுத்துங்கள். ஒரு செக்டர் கெட்டிருந்தால் அது மொத்த ஃபைலையும் கைவிட்டுவிடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் படிக்க முடிந்த செக்டர்களை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாததை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். அதே வரைபடத்தோடு, அதே டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு ஓட்டினால் விடுபட்ட செக்டர்களை மட்டும் முயலும். முதல் டிரைவில் கிடைக்காத ஏழு செக்டர்களில் ஐந்து இரண்டாவதில் கிடைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு முழு டிஸ்க் என்பது 14,74,560 பைட். இன்றைய ஃபோனில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சின்னது. எல்லா டிஸ்க்கையும் இமேஜாக எடுத்து வைத்துக்கொள்ளத் தயங்கவேண்டாம்.

இயந்திரத்தின் டிரைவ் போய்விட்டது

திருப்பூர், கோவைப் பக்கம் எம்பிராய்டரி, சி.என்.சி. பட்டறைக்காரர்கள் கேட்பது இது. இயந்திரம் நன்றாக ஓடுகிறது, டிரைவ் மட்டும் செத்துவிட்டது. வெளி டிரைவை இங்கே மாட்ட வழியே இல்லை. இன்னொரு பழைய உள் டிரைவ் மாட்டலாம், ஆனால் சோனியே 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. டிஸ்க்குக்கு எவ்வளவு நாள் அலைவீர்கள்? கோடெக் என்ற எமுலேட்டர் அதே அளவில், அதே 34 பின்னில் உட்காரும். டிஸ்க்குக்குப் பதில் பென் டிரைவ். வாங்குமுன் இயந்திரத்துக்கு வேண்டியது 720ஆ, 1.44ஆ என்பதையும், 34ஆம் பின்னில் அது 'ரெடி' சிக்னலை எதிர்பார்க்கிறதா என்பதையும் மேனுவலில் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய டிரைவின் பின்னால் ஜம்பர் (பின்களை இணைக்கும் குட்டிக் கிளிப்) எப்படி இருந்தது என்று கழற்றும் முன் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

வெளி டிரைவ் என்றால் 720 கே.பி.யும் படிக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள், 1.44 மட்டும் படிப்பவை நிறைய இருக்கின்றன. புதிது என்று விற்பவற்றில் பல, பழைய லேப்டாப்பில் கழற்றிய டிரைவுக்குப் புது உறை போட்டவை. திருப்பித் தரும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

34 பின் உள் டிரைவை யூ.எஸ்.பி.யாக மாற்றும் மலிவான அட்டை ஒன்றும் கிடைக்கிறது. அதைப் பார்த்து கிரீஸ்வீசல்போல என்று நினைத்துவிடாதீர்கள். வெளி டிரைவின் சிப் என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்யும், பெரும்பாலும் 1.44 மட்டும். 5.25 அங்குல டிஸ்க்குகள் இருந்தால் யோசனையே வேண்டாம், உள் டிரைவ்தான். ஆனால் 1.2 எம்.பி. டிரைவில் 360 கே.பி. டிஸ்க்கைப் படிக்க மட்டும் செய்யுங்கள். அதன் ஹெட் பாதி அகலம். அது எழுதியதைப் பழைய 360 டிரைவ் சரியாகப் படிக்காது.

எல்லாம் படித்துவிட்டது, ஆனால் தமிழ் எழுத்து பூச்சி பூச்சியாகத் தெரிகிறது

டிரைவ்மேல் பழி இல்லை. டிஸ்க் முழுசாக வந்துவிட்டது. யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டும் தனக்கென ஒரு எழுத்து வரிசை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டேப் என்று இரண்டு தரங்கள் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் டி.டி.பி. கடைகளில் ஓடியவை பலப்பல. டப்பாவில் ஃபான்ட் டிஸ்க் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் ஃபான்ட் பெயரைப் பேனாவால் எழுதிவைத்திருப்பார்கள். அந்தப் பெயரை வைத்து யூனிகோடு மாற்றியில் எந்த வரிசை என்று தேர்ந்தெடுங்கள். பெயர் தெரியவில்லை என்றால், 'அம்மா', 'தமிழ்நாடு' போல நிச்சயம் இருக்கும் ஒரு சொல்லைத் தலைப்பிலோ முகவரியிலோ கண்டுபிடித்து, அது சரியாக வரும்வரை ஒவ்வொரு வரிசையாக மாற்றிப் பாருங்கள். மாற்றுவது பிரதியில் மட்டும் இருக்கட்டும். டிஸ்க்கில் இருந்து வந்த ஃபைலை ஒரு எழுத்துகூட மாற்றாமல் இமேஜோடு சேர்த்து வையுங்கள்.